கூப்பிட்டால் வரும்: மவுஸைத் தேடாமல் ஆப் திறக்கும் வழி

சீசன் நேரத்தில் அந்த அக்காவின் மேஜையில் மவுஸ் நகர இடம் இருக்காது. கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை ஒன்றில் கணக்கு பார்க்கிறார். வெளியே தோத்தாபுரி ஏற்றிய டிராக்டரும் மினி லாரியும் எடைமேடைக்கு வரிசை கட்டி நிற்கும். உள்ளே மேஜை முழுக்க எடைச்சீட்டுக் கட்டு, பில் புக், ஸ்டாம்ப் பேட், பாதி குடித்த டீ. சீட்டுக் குவியலின் மேலேயே மவுஸ் ஏறி இறங்கும். அதன் அடியில் இருக்கிற சிவப்பு விளக்கு தடுமாறி, திரையில் அம்பு இங்கும் அங்கும் துள்ளும். கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு அங்கே போய் வருகிறவன் நான். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஒரு நாள் பிரிண்டரைச் சரி செய்துகொண்டே அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாலி என்ற கணக்கு மென்பொருளுக்குள் இருக்கும்வரை அவருக்கு மவுஸே தேவைப்படவில்லை. எஃப்9 தட்டினால் கொள்முதல் வவுச்சர், எஃப்5 தட்டினால் பேமெண்ட். பார்ட்டி பெயரில் முதல் மூன்று எழுத்து, எண்டர். எடை, எண்டர். ரேட், எண்டர். கண் சீட்டில், விரல் கீபோர்டில். அன்றைய ரேட் போட்டு வைத்திருக்கும் எக்செல் ஃபைல் வேண்டும் என்று வந்தபோதுதான் வண்டி நின்றது. டாலியை மினிமைஸ் செய்தார். டெஸ்க்டாப்பில் எண்பது ஐகானாவது இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பச்சை நிற ஐகான் எங்கே என்று ஒவ்வொரு வரிசையாகத் தேடினார்.

"அக்கா, டாலிக்குள்ள மவுஸத் தொடறதே இல்ல. வெளிய வந்தா மட்டும் ஏங்க்கா இவ்ளோ கஷ்டப்படறீங்க?"

"அது டாலி தம்பி. இது கம்ப்யூட்டர்."

டாலியில் செய்கிற அதே வித்தையைக் கம்ப்யூட்டர் முழுவதிலும் செய்யலாம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொன்னதையும், அதற்குப் பிறகு பல இடங்களில் சொல்லிச் சொல்லித் தெளிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி பழைய செய்தியாக இருக்கலாம்.

மளிகைக் கடையும் சூப்பர் மார்க்கெட்டும்

ஒரு ஆப்பைத் திறக்க இரண்டு வழி உண்டு. அது இருக்கும் இடத்துக்குப் போய் எடுக்கலாம். இல்லை, பேரைச் சொல்லிக் கூப்பிடலாம்.

சூப்பர் மார்க்கெட்டில் சீயக்காய்ப் பொடி வாங்க வேண்டுமென்றால் எந்த வரிசை, எந்தத் தட்டு என்று நாமேதான் தேட வேண்டும். போன வாரம் இருந்த இடத்தில் இந்த வாரம் ஷாம்பு இருக்கும். நம் டெஸ்க்டாப்பும் ஸ்டார்ட் மெனுவும் இந்த ரகம். தெருமுனை மளிகைக் கடையில் அப்படியில்லை. "சீயக்காய்" என்று சொன்னால் போதும், கடைக்காரர் உள்ளே கை விட்டு எடுத்துப் போடுவார். அது எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவர் கவலை. ரொம்ப நாள் வாடிக்கை என்றால் "சீ..." என்று இழுக்கும்போதே அவர் கை போய்விடும், நாம் சீரகம் கேட்கிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

கீபோர்டு லாஞ்சர் என்பது இந்த மளிகைக் கடைக்காரர்தான். ஒரு கீயைத் தட்டினால் வந்து நிற்பார். பேரில் இரண்டு மூன்று எழுத்து அடித்தால் பொருத்தமானவற்றை வரிசையாகக் காட்டுவார். மேலே நிற்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்றால் எண்டர். ஆப் திறந்துவிடும், அவர் மறைந்துவிடுவார். இடம் எதுவும் நினைவில் வைக்க வேண்டாம். பேர் தெரிந்தால் போதும், அதுவும் முழுசாகத் தெரிய வேண்டியதில்லை.

டாலி பிரைமில் ஆல்ட், ஜி இரண்டையும் சேர்த்துத் தட்டினால் மேலே ஒரு பெட்டி வருமே, ரிப்போர்ட் பேரை அடித்தால் நேராக அங்கே கொண்டுபோய் விடுமே, அது டாலிக்குள் இருக்கும் லாஞ்சர்தான். அக்காவுக்கு நான் இதைச் சொன்னதும், "அட, கோ டு பெட்டியா?" என்றார். பாதி பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

முதலில் கையில் இருப்பதை

புதிதாக எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன், விண்டோஸ் கூடவே வரும் கடைக்காரரிடம் பழகுங்கள். கீபோர்டில் இடது பக்கம், கண்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவே ஜன்னல் படம் போட்ட கீ இருக்கிறது அல்லவா? 1994இல் மைக்ரோசாஃப்ட் தன் நேச்சுரல் கீபோர்டில் கொண்டுவந்த கீ அது. அடுத்த வருடம் விண்டோஸ் 95 ஸ்டார்ட் மெனுவோடு வந்தது. அந்த மெனுவிலேயே அடித்துத் தேடும் வசதி 2007இல் விஸ்டாவோடு எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. இத்தனை வருடமாகியும் பல ஆபீஸ்களில் அந்தக் கீ தூசி படிந்துதான் கிடக்கிறது.

செய்து பார்க்கலாம். ஜன்னல் கீயை ஒரு தடவை தட்டிவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. ஸ்டார்ட் மெனு திறக்கும். இந்த இடத்தில் பத்தில் எட்டுப் பேர் செய்வது, தேடல் பெட்டியில் கிளிக் செய்ய மவுஸை எடுப்பது. வேண்டாம். எதையும் கிளிக் செய்யாமல் நேராக அடிக்க ஆரம்பியுங்கள். ஈ அடித்தால் ஈயில் தொடங்கும் பெயர்கள் வரும். எக்ஸ் அடித்தால் பட்டியல் சுருங்கும். சி அடிப்பதற்குள் பெரும்பாலும் எக்செல் மேலே வந்து நிற்கும். எண்டர்.

அக்கா முதல் தடவை செய்தபோது என்ன நடந்தது தெரியுமா? ஜன்னல் கீயைத் தட்டினார், ஈ எக்ஸ் சி ஈ எல் என்று ஐந்து எழுத்தையும் பொறுமையாக அடித்தார், எண்டர் தட்டினார். பழைய கம்ப்யூட்டர், எக்செல் எழுந்து வர நேரம் எடுத்தது. "வரல தம்பி" என்று இன்னொரு எண்டர். ஜன்னல் கீயிலிருந்து மறுபடி. பிறகு ஒரே நேரத்தில் மூன்று எக்செல் விண்டோ வந்து நின்றன. எண்டர் தட்டியதும் கையை எடுத்துவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். கடைக்காரர் உள்ளே போயிருக்கிறார், கத்தினால் சீக்கிரம் வரமாட்டார்.

வேகமாக எண்டர் தட்டுவதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. விண்டோஸ் 10, 11இல் ஸ்டார்ட் தேடல் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதோடு இணையத் தேடல் முடிவுகளையும் கலந்து காட்டும். ஒரு எழுத்து மாற்றி அடித்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டு எண்டர் தட்டினால் ஆப்புக்குப் பதில் பிரௌசர் திறந்து எதையாவது தேடிக்கொண்டிருக்கும். பழகும்வரை மேலே என்ன நிற்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.

சில கடைகளில் ஜன்னல் கீ உடைந்திருக்கும், அல்லது ஒட்டிக்கொண்டு தட்டவே வராது. கண்ட்ரோலும் எஸ்கேப்பும் சேர்த்துத் தட்டினால் அதே மெனு வரும்.

ஊஓஒஊத

இப்போது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உதவிப் பக்கங்களில் இது இருக்காது.

தர்மபுரியில் ஒரு டிடிபி கடையில் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் போன். "அண்ணா, நேத்து வந்துது, இன்னிக்கி ஒண்ணும் வரமாட்டேங்குது." போய்ப் பார்த்தால், கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தவர் தமிழ்99 கீபோர்டை மாற்றாமலேயே ஜன்னல் கீயைத் தட்டி எக்செலைக் கூப்பிட்டிருக்கிறார். தமிழ்99இல் ஆங்கில ஈ இருக்கும் இடத்தில் ஊ, எக்ஸில் ஓ, சியில் ஒ, எல்லில் த. தேடல் பெட்டியில் "ஊஓஒஊத" என்று வந்து நின்றது. யாரோ அழுவது போல. கடைக்காரர் என்ன செய்வார் பாவம், அப்படி ஒரு சரக்கு அவரிடம் இல்லை.

விண்டோஸிலேயே இருக்கும் தமிழ் கீபோர்டு என்றால் ஜன்னல் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்துத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர், அழகி மாதிரி தனி மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதற்குரிய கீயைத் தட்ட வேண்டும். இதைவிட நிரந்தரமாக ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் செட்டிங்ஸில் டைப்பிங் பகுதிக்குள் கீபோர்டுக்கான கூடுதல் செட்டிங்ஸ் இருக்கும். ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் தனித்தனி இன்புட் முறை வைத்துக்கொள்ளலாம் என்று அங்கே ஒரு கட்டம் உண்டு. அதை டிக் செய்துவிட்டால், பத்திரிகை அடிக்கிற விண்டோவில் நீங்கள் தமிழுக்கு மாற்றியது அந்த விண்டோவோடு நிற்கும். விண்டோஸின் சொந்த கீபோர்டுகளுக்குத்தான் இது பொருந்தும், தனி மென்பொருள்கள் தங்கள் இஷ்டப்படி நடக்கும்.

அந்தத் தம்பி கேட்ட அடுத்த கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "ஆப் பேரெல்லாம் ஏண்ணா இங்கிலீஷ்லயே இருக்கணும்?" நியாயம்தான். ஆனால் நாம் டெஸ்க்டாப்பில் பேர் மாற்றி வைக்கிற ஐகான் வேறு, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவுக்கென்று தனியாக வைத்திருக்கிற ஷார்ட்கட் வேறு. அதைப் புரிந்துகொள்ள, கடைக்காரர் சரக்கை எங்கிருந்து எடுக்கிறார் என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

சரக்குப் பட்டியல்

நீங்கள் எழுத்து அடிக்கும்போது கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் முழுவதையும் துழாவுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படித் துழாவினால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நிஜத்தில் நடப்பது வேறு. சரக்குப் பட்டியல் ஒன்று முன்கூட்டியே தயாராக இருக்கும். ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்யும்போது அது ஸ்டார்ட் மெனுவுக்கான ஃபோல்டரில் ஒரு ஷார்ட்கட்டைப் போட்டு வைக்கும். லாஞ்சர்கள் அந்த ஃபோல்டரைப் படித்து, பெயர்களைக் கையில் வைத்துக்கொள்ளும். நீங்கள் எழுத்து அடிக்க அடிக்க நடப்பது அந்தச் சின்னப் பட்டியலைச் சலிப்பதுதான். லினக்ஸிலும் மேக்கிலும் ஃபோல்டரின் பெயர் வேறு, விஷயம் ஒன்றுதான்.

இது தெரிந்தால் ஒரு பெரிய குழப்பம் தீரும். பென் டிரைவில் இருந்து நேராக ஓட்டுகிற, இன்ஸ்டால் செய்யாத மென்பொருள் எதையாவது தேடினால் ஏன் வருவதில்லை? அது பட்டியலில் பதிவாகவே இல்லை. நாமே பதிந்துவிடலாம். ஜன்னல் கீயைப் பிடித்துக்கொண்டு ஆர் தட்டுங்கள். இடது கீழ் மூலையில் ரன் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஷெல், அதை ஒட்டி இரண்டு புள்ளிக் குறி (:), அதை ஒட்டி ப்ரோகிராம்ஸ் என்று இடைவெளி விடாமல் அடித்து எண்டர். உங்கள் ஸ்டார்ட் மெனு ஃபோல்டர் திறக்கும். அந்த மென்பொருளுக்கு ஒரு ஷார்ட்கட் உருவாக்கி இங்கே போட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் அதுவும் கூப்பிட்டால் வரும். ஷார்ட்கட்டுக்கு நீங்கள் வைக்கிற பேர்தான் கூப்பிடும் பேர். நீளமான பேரைச் சுருக்கி இரண்டு எழுத்தில் வைத்தாலும், தமிழிலேயே வைத்தாலும் கேட்பார் இல்லை.

ரன் பெட்டி

மேலே சொன்ன ரன் பெட்டியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருக்கிறது. பட்டியல் காட்டாது, யூகிக்காது, இணையத்தில் தேடாது. சரியான பேரைச் சொன்னால் உடனே எடுத்துத் தரும், தப்பாகச் சொன்னால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிடும். மெமரி குறைந்த பழைய கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் தேடல் முக்கி முனகும்போதும் இது சட்டென்று வரும். அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளில் நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

ஆனால் இதற்குத் தெரிந்த பேர் ஐகானுக்குக் கீழே இருக்கும் பேர் இல்லை, அந்த ஆப்பின் ஃபைல் பேர். சிலது ஒன்றாகவே இருக்கும். எக்செல், நோட்பேட் இரண்டையும் அப்படியே அடிக்கலாம். கால்குலேட்டருக்கு சி, ஏ, எல், சி நான்கே எழுத்து. பெயிண்டுக்கு முன்னால் எம், எஸ் ஒட்டிக்கொள்ளும். வேர்டுக்கு மட்டும் விண்வேர்டு என்று அடிக்க வேண்டும், முன்னால் டபிள்யூ, ஐ, என் சேர்த்து. விண்டோஸுக்கான வேர்டின் ஃபைல் பேர் ஆரம்பத்திலிருந்தே அதுதான். கண்ட்ரோல் என்று அடித்தால் கண்ட்ரோல் பேனல். கண்ட்ரோல், ஒரு இடைவெளி, பிரிண்டர்ஸ் என்று அடித்தால் நேராகப் பிரிண்டர்கள் இருக்கும் இடம். பிரிண்ட் வரிசையில் வேலை சிக்கிக்கொண்டு வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது இந்த ஒன்று போதும் உயிர் காக்க.

இன்னும் ஒரு சின்ன ரகசியம். ரன் பெட்டியில் டவுன்லோட்ஸ் என்று அடித்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறக்கும். முழு முகவரி தேவையில்லை. ஏனென்றால் ரன் பெட்டி உங்கள் பேரில் இருக்கும் யூசர் ஃபோல்டருக்குள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. வெறும் ஒரு புள்ளி வைத்து எண்டர் தட்டினால் அந்த யூசர் ஃபோல்டரே திறக்கும், நீங்களே பார்க்கலாம். அப்படியென்றால் அதற்குள் நாம் உருவாக்குகிற ஃபோல்டரையும் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அக்காவுக்கு அங்கே ஆங்கிலத்தில் ரேட் என்று நான்கெழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். ஜன்னல் கீயும் ஆரும், ரேட், எண்டர். தினசரி ரேட் ஷீட்டுகள் எல்லாம் தேதிவாரியாக எதிரே நிற்கும். எண்பது ஐகான் நடுவே தேடிய காலம் அதோடு போனது.

இதே ரன் பெட்டியை வைத்து நடக்கும் மோசடி ஒன்று இருக்கிறது, அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 2024 முதல் உலகம் முழுக்கப் பரவியது. ஏதோ ஒரு இணையப் பக்கத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று வரும். வழக்கமான டிக் கட்டத்துக்குப் பதிலாக, ஜன்னல் கீயும் ஆரும் தட்டுங்கள், பிறகு கண்ட்ரோலும் வியும் தட்டுங்கள், பிறகு எண்டர் தட்டுங்கள் என்று மூன்று படி சொல்வார்கள். அந்தப் பக்கம் நமக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை காப்பி செய்து வைத்திருக்கும். நாமே அதை ரன் பெட்டியில் ஒட்டி, நாமே எண்டர் தட்டி, பாஸ்வேர்டு திருடும் மென்பொருளை வீட்டுக்குள் அழைத்துவிடுவோம். எந்த நேர்மையான இணையத்தளமும் உங்களை ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. அதில் நீங்கள் உங்கள் விரலால் அடிப்பதை மட்டும் ஓட்டுங்கள், ஒட்டியதை ஓட்டாதீர்கள். கூப்பிட்டால் வருகிற வசதிக்கு இருக்கிற விலை இது, யார் கூப்பிட்டாலும் வந்துவிடும்.

தனியாக ஒரு லாஞ்சர் வேண்டுமா?

இரண்டு வாரம் மேலே சொன்னவற்றோடு பழகிய பிறகு "இன்னும் கொஞ்சம் புத்திசாலியாக இருக்கலாமே" என்று தோன்றினால் மட்டும் இந்தப் பகுதி. தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குறை ஒன்றும் இல்லை.

தனி லாஞ்சர்களின் கதை மேக் பக்கம்தான் செழித்தது. 2003 வாக்கில் குவிக்சில்வர் என்ற ஒன்று வந்து பலரையும் மயக்கியது. 2005இல் ஆப்பிள் தன் சிஸ்டத்திலேயே ஸ்பாட்லைட்டைச் சேர்த்தது. மேக் வைத்திருப்பவர்கள் கமாண்ட் கீயும் ஸ்பேஸ்பாரும் தட்டினால் நடுவே ஒரு பட்டை வருகிறதே, அதுதான். அதைவிட அதிகம் வேண்டும் என்பவர்கள் ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் என்று போவார்கள். லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப் என்றால் ஜன்னல் கீயைத் தட்டி அடிக்க வேண்டியதுதான், கேடிஈ என்றால் ஆல்ட்டும் எஃப்2வும் தட்டினால் கேரன்னர் வரும்.

விண்டோஸில் பவர்டாய்ஸ் என்று மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருகிற கருவித் தொகுப்பு இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே கிடைக்கும். 2020இல் அதில் பவர்டாய்ஸ் ரன் என்ற லாஞ்சர் சேர்ந்தது. ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் திரை நடுவே வரும். 2025இல் கமாண்ட் பேலட் என்ற அதன் வாரிசும் வந்துவிட்டது, அதற்கு ஜன்னல் கீ, ஆல்ட், ஸ்பேஸ் மூன்றும். எது ஆனில் இருக்கிறது, எந்தக் கீ என்று அதன் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஃப்ளோ லாஞ்சர் என்பதும் இலவசம், அதற்கும் ரசிகர்கள் உண்டு.

இவை இரண்டு விஷயத்தில் விண்டோஸ் தேடலைவிட மேல். எழுத்துகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூகுள் க்ரோமுக்கு ஜியும் சியும் அடித்தாலே கண்டுபிடிக்கும், இடையில் விட்டுப்போன எழுத்துகளை அதுவே நிரப்பிக்கொள்ளும். அடிக்கடி எதைத் திறக்கிறீர்கள் என்று பார்த்து அதை மேலே கொண்டுவரவும் செய்யும். "சீ" என்றதும் சீயக்காய்க்குக் கை போகிற அந்த வாடிக்கை ஞானம் இதுதான். பவர்டாய்ஸ் ரன்னில் சமன் குறி போட்டு 1840*17.5 என்று அடித்தால் எண்டர் தட்டும் முன்பே 32200 என்று விடை கீழே நிற்கும். சிறியது குறி (<) போட்டு ஒரு பேரை அடித்தால், ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோக்களில் மட்டும் தேடி அதற்குத் தாவும். மூன்று எக்செல் திறக்கிற வியாதிக்கு இது நல்ல மருந்து.

என் அபிப்பிராயம் கேட்டால், மெமரி குறைந்த பழைய கம்ப்யூட்டரில் பவர்டாய்ஸ் போடாதீர்கள். எந்நேரமும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் சாமான் அது, கொடுக்கிற சுகத்தைவிட எடுக்கிற மூச்சு அதிகம். அங்கே ரன் பெட்டியும், எவ்ரிதிங் என்ற சின்ன மென்பொருளும் போதும்.

எவ்ரிதிங் பற்றி ஒரு பத்தி சொல்லாமல் இருக்க முடியாது. இது ஆப் திறக்கும் லாஞ்சர் என்பதைவிட ஃபைல் தேடும் ராட்சசன். வாய்டூல்ஸ் வெளியிடுகிறது, இலவசம். விண்டோஸ் தன் டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே என்று ஒரு தலைமைப் பதிவேடு எழுதி வைத்திருக்கும். எவ்ரிதிங் ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்காமல் அந்தப் பதிவேட்டையே நேராகப் படித்துவிடும். விஏஓ ஆபீசில் பட்டா எண் சொன்னால் ஊரெல்லாம் நடக்காமல் பதிவேட்டைப் புரட்டுவார்களே, அது மாதிரி. அதனால்தான் லட்சக்கணக்கான ஃபைல் இருந்தாலும் அடித்த மாத்திரத்தில் காட்டுகிறது. ஃபைலுக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தேட அதை நம்ப வேண்டாம், பேரை வைத்துத் தேடத்தான் அது சூரன். தமிழில் பேர் வைத்த ஃபைலைத் தமிழிலேயே அடித்துத் தேடலாம். தர்மபுரி டிடிபி தம்பிக்கு இதைப் போட்டுக் கொடுத்தபோது, "காதுகுத்து" என்று அடித்தார், ஐந்து வருடத்தில் அடித்த காதுகுத்துப் பத்திரிகை அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆல்ட்டும் ஸ்பேஸும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது ஏற்கெனவே விண்டோஸில் வேறு வேலைக்கு இருக்கும் கீ. திறந்திருக்கும் விண்டோவை நகர்த்து, சின்னதாக்கு, மூடு என்று ஒரு குட்டி மெனுவைக் கொண்டுவரும். மவுஸ் இல்லாமல் விண்டோவை மூடப் பழகியவர்கள், லாஞ்சர் போட்டதும் அந்த மெனு காணோமே என்று திகைப்பார்கள். வேறு ஆப்களும் இந்தக் கீக்கு ஆசைப்படுவதுண்டு. இரண்டு பேர் ஒரே கீக்குச் சண்டை போட்டால் லாஞ்சர் சில நேரம் வரும், சில நேரம் வராது. கோளாறு என்று நினைத்து அழித்துவிடாமல் லாஞ்சரின் கீயை மாற்றிப் பாருங்கள்.

பழகும் விதம்

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முயன்றவர்கள் மூன்றாம் நாள் மவுஸுக்குத் திரும்பியதைத்தான் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு நான் சொன்னது ஒரே ஒரு ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் இனி மவுஸால் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் எக்செலை எடுத்துக்கொண்டார். அதன் ஐகானை டெஸ்க்டாப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அது சும்மா ஷார்ட்கட்தான், எடுத்தால் எக்செல் போய்விடாது என்று இரண்டு தடவை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஐகான் கண்ணில் பட்டால் கை தானாக மவுஸுக்குத்தான் போகும்.

தினமும் திறப்பவற்றுக்கு இன்னொரு குறுக்கு வழியும் உண்டு. கீழே டாஸ்க்பாரில் ஒட்டி வைத்திருக்கும் ஆப்களில் முதலாவதுக்கு ஜன்னல் கீயும் 1உம், இரண்டாவதுக்கு ஜன்னல் கீயும் 2உம். ஏற்கெனவே திறந்திருந்தால் புதிதாகத் திறக்காமல் அதற்கே போகும். மூன்று நான்குக்கு மேல் இதில் வரிசை நினைவு இருக்காது. அடிக்கடி வேண்டியதற்கு எண், எப்போதாவது வேண்டியதற்குப் பேர் என்று பிரித்துக்கொண்டால் சுகம். அக்கா 1இல் டாலியை வைத்திருக்கிறார்.

போன சீசன் முடிகிற சமயத்தில் அங்கே போனேன். மானிட்டர் ஓரத்தில் பழைய எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார்: ரேட், டவுன்லோட்ஸ், கண்ட்ரோல் பிரிண்டர்ஸ். மவுஸ் சீட்டுக் கட்டுக்கு மேலே வெயிட்டாக உட்கார்ந்திருந்தது, ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க. கால்குலேட்டருக்கு நான்கெழுத்து சொல்லிக் கொடுத்தேனே, அதை மட்டும் காணோம். கேட்டேன்.

"அது எதுக்கு தம்பி?" என்று டிராயரைத் திறந்து, ரப்பர் பட்டன் தேய்ந்த தன் பழைய கால்குலேட்டரை எடுத்து மேஜையில் வைத்தார்.